குளிருது என்றொரு புகார்

அவள் பார்த்தது என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் யாருக்கும் சரியாகப் புரிந்ததே இல்லை. பெயரென்னவோ ஃபெசிலிட்டீஸ் இன்ஜினியர். "பாலம் கட்டுவியாம்மா?" என்று சித்தப்பா கேட்டார். "கம்ப்யூட்டர் வேலைதானே?" என்று நாத்தனார் கேட்டாள். இரண்டும் இல்லை என்றதும் இருவருக்கும் சுவாரசியம் போய்விட்டது. அவள் புருஷன்தான் ஆள் கிடைத்தால் உட்கார வைத்து விளக்குவார்.

"பெரிய கட்டடம் ஒண்ணு இருக்குன்னு வைங்க. லிஃப்ட் ஏறணும், குழாயில தண்ணி வரணும், கரண்ட் போனா ஜெனரேட்டர் ஓடணும், உள்ளே காத்து சில்லுன்னு வரணும். எல்லாம் ஒழுங்கா நடந்தா இவ யாருன்னே எவனுக்கும் தெரியாது. ஒண்ணு நின்னுபோச்சுன்னா போதும், ஊரே இவளைத்தான் தேடும்."

சொல்லிவிட்டு அவள் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். அதில் அப்படியொரு பெருமை. அவர் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவர். அச்சகத்திலிருந்து கட்டுக் கட்டாகத் தாள் வரும். வீட்டிலேயே உட்கார்ந்து சிவப்புப் பேனாவும் கையுமாக வேலை பார்ப்பார். அவர் வீட்டில் இருந்ததால்தான் அவளால் வெளியே அவ்வளவு தூரம் போக முடிந்தது. இதை அவளும் மறுத்ததில்லை.

முதல் நாள் அடித்தளத்து மெஷின் அறைக்குள் அவள் நுழைந்தபோது, அங்கிருந்த ஃபிட்டர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "இன்ஜினியர் சார் பின்னாடி வர்றாரா மேடம்?" என்று கேட்டாராம். "பின்னாடி யாரும் வரல. வந்தாச்சு," என்றாள் அவள். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் அவள் நுழையாத சந்துபொந்து கிடையாது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறாள். லிஃப்ட் குழிக்குள் மண்டியிட்டிருக்கிறாள். மகளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் அவர்தான். "நீ போய் உன் பெரிய வீட்டைப் பாரு, சின்ன வீட்டை நான் பாத்துக்கறேன்," என்று ஒருநாள் சொல்லிவிட்டு, சொன்னதற்கு வேறு அர்த்தமும் இருக்கிறது என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அந்தக் கட்டடத்துக்குச் சீஃப் இன்ஜினியர் ஆவது என்பது அவளுடைய ஒரே ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது. அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஆண்பிள்ளைகள் வேறு வேறு கட்டடங்களில் சீஃப் ஆகி, ஃபோன் செய்து நலம் விசாரிக்கும்போதெல்லாம் அவள் இரண்டு வார்த்தையில் பேச்சை முடித்துவிடுவாள்.

இருந்த சீஃப் ஓய்வுபெறப் போகிறார் என்ற பேச்சு வந்த சமயம் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு விட்டார். "மெஷின் எல்லாம் நல்லா வச்சிருக்கீங்க. ஆனா புகார் குறையலையே. மூணாவது மாடியில இருந்து தினம் ஒரு அழுகை வருது. அதை நிறுத்திக் காட்டுங்க. அப்புறம் பேசுவோம்."

மூன்றாவது மாடி கணக்குப் பிரிவு. அங்கே நடந்தது வேலையா சண்டையா என்று சொல்வது கஷ்டம். கூரையில் ஏசி காற்று வருகிற வழிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த அம்மா, போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் கணக்குப் போடுவாள். அவளுக்குப் போர்வைக்காரம்மா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாலு மேசை தள்ளி ஒரு தாட்டியான மனிதர் ஃபைலை விசிறியாக்கி, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு வியர்த்து வழிந்துகொண்டிருப்பார். அவள் சூடு அளக்கிற கருவியைக் கொண்டுபோய் இரண்டு இடத்திலும் பிடித்துக் காட்டுவாள். இரண்டு இடத்திலும் இருபத்துநாலு டிகிரி.

"இருபத்துநாலுதாம்மா இருக்கு. பாருங்க."

"உங்க டப்பா சொல்லுது. என் உடம்பு சொல்லலையே!" என்பாள் போர்வைக்காரம்மா.

உடம்பு சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் கட்டடம் நடத்த முடியாது என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். குளிருது, புழுங்குது என்று வருகிற புகாரில் முக்கால்வாசி மனசு என்பதும் தெரியும். மெஷின் விற்கிற கம்பெனிக்காரர் ஒருவர்தான் அவளிடம் அந்த யோசனையைச் சொன்னார். சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதில் பதினெட்டிலிருந்து முப்பது வரை எண் போட்ட ஒரு திருகு. பக்கத்தில் குட்டியாக ஒரு பச்சை விளக்கு. அதற்கு மட்டும் உள்ளே பேட்டரி. பெட்டியிலிருந்து ஒரு ஒயர் மேலே கூரைத் தட்டிக்குள் போகும். போய், அங்கேயே தொங்கும். வேறெதோடும் அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தொழிலில் அதற்குப் பொம்மை என்று பெயர். அந்த ரகசியத்தை வெளியே, வீட்டில்கூட, யாரும் சொல்வதில்லை.

மூன்றாவது மாடியில் வரிசையாகப் பொம்மைகள் மாட்டியானது. சூப்பர்வைசர் ஏணியில் நின்று சுவரைத் துளைக்கிற சத்தத்திலேயே பாதிப் பேருக்கு மனசு ஆறிவிட்டது. போர்வைக்காரம்மா தன் பெட்டியை மெதுவாக இருபத்தாறுக்குத் திருகி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். "அப்பாடா. இப்பத்தான் உயிரே வந்துச்சு. இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல?" என்றாள். ஏணி மேலே இருந்த சூப்பர்வைசர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

ஏமாற்று வேலை என்று கூட வேலை பார்க்கிறவர்கள் யாராவது சொன்னால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "உடம்பு கேக்கறது பாதி, மனசு கேக்கறது பாதி. மனசுக்கும் ஒரு திருகு குடுத்திருக்கோம். யாருக்கு என்ன நஷ்டம்?" என்பாள். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. போர்வைக்காரம்மா போர்வையை மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனது உண்மைதானே. மூன்றாவது மாடியிலிருந்து புகார் வருவது அறவே நின்றது. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். அவள் சீஃப் ஆனாள்.

இந்தப் பொம்மை விஷயத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, தானாக வந்த வழக்கம். காலையில் சுற்றிவரும் ஆட்கள் கட்டடத்தில் இருக்கிற ஒவ்வொரு மீட்டரையும் நின்று பார்ப்பார்கள். அழுத்தம் எவ்வளவு, சூடு எவ்வளவு, தண்ணீர் மட்டம் எங்கே. பொம்மையை மட்டும் பார்க்க மாட்டார்கள். ஓடாத கடிகாரத்தில் யார் போய் மணி பார்ப்பார்கள்? பச்சை விளக்கு மங்கினால் பேட்டரியை மாற்றுவார்கள். யார் எந்த எண்ணில் வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் கண்ணும் போகாது.

சீஃப் பதவியோடு கட்டடத்தின் பின்புறத்துக் குடியிருப்பில் ஒரு வீடும் வந்தது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவுதான். அங்கேயும் அதே மெஷின் காற்று, குழாய் வழியாக எல்லா வீடுகளுக்கும் போகும். படுக்கையறையில் வெளிச்சம் நன்றாக இருந்ததால் அவர் தன் மேசையை அங்கே போட்டுக்கொண்டார். காற்று வருகிற வழி நேர் மேலே இருந்தது. அவளை அன்றிலிருந்து வாய்க்கு வாய் "சீஃப்" என்றுதான் கூப்பிட்டார். "சீஃப், உப்பு போதுமா?" "சீஃப், மழை வருது, மாடியில துணி கிடக்கு."

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: "என்னவோ தெரியல, அந்த ரூம்ல உக்காந்தா ரொம்பக் குளிருது."

அவள் கருவியை எடுத்துப் போய்ப் பிடித்தாள். இருபத்துநாலு. "சரியாத்தாங்க இருக்கு," என்றாள்.

"அப்ப சரி," என்றார் அவர்.

சில நாள் கழித்து மறுபடியும் சொன்னார். கை விரலெல்லாம் விறைத்துப் போகிறது, பேனா பிடிக்க முடியவில்லை என்றார். அவள் மறுபடியும் அளந்தாள். காற்றின் வேகத்தையும் அளந்தாள். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. "கொஞ்சம் அடைச்சு விடேன்," என்றார். அதற்குத்தான் அவள் மசியவில்லை.

"ஒரே குழாயிலதான் நாலு வீட்டுக்குப் போகுது. நம்ம வீட்டை அடைச்சா பக்கத்து வீட்டுல காத்து கத்தும். ஊருக்கு ஒரு சட்டம், சீஃப் வீட்டுக்கு ஒரு சட்டமான்னு பேசுவாங்க. இருபத்துநாலு இருக்குங்க. யாருக்கும் குளிராது."

"நான் என்ன உன் மூணாவது மாடியா?" என்று கேட்டுச் சிரித்தார் அவர்.

விளையாட்டாகக் கேட்டதுதான். அவளுக்கு அதிலிருந்துதான் அந்த எண்ணம் வந்தது. ஸ்டோரில் ஒரு பெட்டி மீதி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து வந்து, தானே துளை போட்டு, மேசைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினாள். அவர் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒயரைக் கூரைக்குள் தள்ளியபோது, "இது நேரா மெஷினுக்குப் போயிடுமா?" என்று கேட்டார். "ம்," என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்ன பொய். அதுகூட முழுச் சொல் இல்லை.

பச்சை விளக்கு எரிந்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பொங்கிப் பூரித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அச்சகத்திலிருந்து தாள் கொண்டுவருகிற ஆளையும் விடவில்லை. "எனக்குன்னு தனியா வச்சுக் குடுத்திருக்கா. நான் சொன்னா மெஷின் கேக்கும்," என்றார். அன்று மாலையே, "இப்பப் பரவாயில்ல சீஃப்," என்றார். அதற்குப் பிறகு குளிருது என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

அவள் நிம்மதியாகத் தன் வேலையைப் பார்த்தாள். பழைய குளிரூட்டும் மெஷின்களைக் கழற்றிப் புதிதாக மாற்றுகிற பெரிய வேலை அந்த வருஷம் வந்தது. கண்ணுக்கு முன்னால் நடந்ததெல்லாம் கண்ணில் படாமல் போயிற்று. அவர் வீட்டுக்குள் ஸ்வெட்டர் போட ஆரம்பித்தார், பிறகு காலுறை. தட்டில் பாதிச் சாப்பாடு மீந்தது. வெளியூரில் படிக்கிற மகள் வீடியோவில் பேசும்போது, "அப்பா ஏன் வீட்டுக்குள்ள குல்லா போட்டிருக்காரு?" என்று கேட்டாள். "மண்டை வழுக்கை ஆயிடுச்சுல்ல, வெளிச்சம் அடிக்கக் கூடாதுன்னு மூடி வச்சிருக்கேன்," என்றார் அவர். மூன்று பேரும் சிரித்தார்கள். பெட்டியின் பச்சை விளக்கு மங்கியபோது அவளே பேட்டரி வாங்கி வந்து மாற்றினாள். பெட்டி மூடியைத் திறந்து, மாற்றி, மூடினாள். திருகு எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை. அவள் கை அப்படிப் பழகிப் போயிருந்தது.

ஒருநாள் மதியம் காவலாளி அவளுக்கு ஃபோன் செய்தார். சார் பால் வாங்கிக்கொண்டு வந்தவர் லிஃப்ட் வாசலில் விழுந்துவிட்டார் என்றார். அவள் மெஷின் அறையிலிருந்து போட்டது போட்டபடி ஓடினாள். அவரைத் தூக்கி உட்கார வைத்திருந்தார்கள். உதட்டில் பொட்டு ரத்தம் இல்லை. "ஒண்ணுமில்ல சீஃப். படி தடுக்கிடுச்சு," என்றார். அந்த இடத்தில் படியே கிடையாது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். குடலில் கட்டி. அதிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாகப் பல மாதமாகக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. கட்டி இப்போது ஈரலுக்கும் போய்விட்டது.

"உடம்புல ரத்தம் பாதிகூட இல்லை. இவ்வளவு நாள் எப்படி நடமாடினார்னே தெரியல. சோர்வா இருக்குன்னு சொல்லலையா?"

"சொல்லல டாக்டர்."

"குளிருது, கை கால் சில்லிட்டுப் போகுதுன்னு?"

அவள் டாக்டரம்மாவின் பேனாவைப் பார்த்தாள். "அது... முன்னாடி சொல்லிட்டிருந்தாரு. அப்புறம் நின்னுடுச்சு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். "நின்னுடுச்சா? அது நிக்காதே. ரத்தம் குறையக் குறையக் குளிர் கூடத்தானே செய்யும். எப்படி நின்னுச்சு?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

மறுநாள் அவருக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். அலமாரியைத் திறந்தால் அடுக்கில் ஸ்வெட்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அவற்றில் இரண்டு அவள் பார்த்தே இராதவை. எப்போது வாங்கினார், யாரிடம் சொல்லி வாங்கினார்? எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பியபோது சுவரில் பச்சை விளக்கு மங்கலாக எரிவது தெரிந்தது. பழக்க தோஷம், கிட்டே போய் மூடியில் கை வைத்தாள். அப்போதுதான் அந்தத் திருகைப் பார்த்தாள்.

முள் முப்பதில் நிற்கவில்லை. முப்பதைத் தாண்டி நின்றது. அந்தப் பெட்டியில் முப்பதுக்கு மேல் எண் கிடையாது; அதற்குமேல் போகாமல் தடுக்க ஒரு பிளாஸ்டிக் முனை உண்டு. அந்த முனை முறிந்து கிடந்தது. இன்னும் போகும் என்று நம்பி யாரோ பலம்கொண்ட மட்டும் திருகியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. பேனா பிடிக்க முடியாமல் விறைத்துப் போன விரல்தான் திருகியிருக்கிறது.

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மெஷினோடு அந்தப் பெட்டிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, வாஸ்தவம். ஆனால் அவரோடு இருந்ததே! ஒவ்வொரு நாளும் அவர் என்ன கேட்டார் என்பது அந்தச் சுவரில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றிருந்தது. கட்டடத்தில் ஆயிரம் மீட்டர் பார்க்கிறவள், தன் படுக்கையறையில் இருந்த ஒன்றைப் பார்க்கவில்லை. அது பொம்மை என்று தெரிந்தவள் என்பதாலேயே பார்க்கவில்லை. தெரியாத ஒரு பெண்ணாக இருந்திருந்தால், "என்னங்க, முப்பதுலயா வச்சிருக்கீங்க, அவ்வளவா குளிருது?" என்று ஒருநாளாவது கேட்டிருப்பாள். அவள் வாய்விட்டு அழுதாள். பக்கத்து வீட்டில் கேட்குமே என்ற நினைப்புகூட வரவில்லை.

அழுது முடித்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். காற்று வருகிற வழியில் அட்டையை வைத்து, சுற்றிலும் டேப்பை ஒட்டி இறுக அடைத்தாள். பக்கத்து வீட்டில் காற்று கத்தினால் கத்தட்டும்.

இனி அவரிடம் சொல்ல வேண்டும். அது அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்க வேண்டும். கேட்க வேண்டுமானால் பெட்டி பொம்மை என்று சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவாள். அங்கே போனால் அவர் நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருப்பார்: "இந்த ஆஸ்பத்திரியை மாதிரி ரெண்டு மடங்கு கட்டடம்மா. மொத்தத்தையும் எங்க வீட்டம்மாதான் கட்டி மேய்க்கிறா. இங்க இந்த ஃபேன் கடகடங்குதே, அவ கையில குடுத்துப் பாருங்க, வாயை மூடிக்கும்." நர்ஸும், "அப்படியா சார்!" என்று கேட்டுக்கொள்வாள். உடம்பில் வேறு தெம்பு இல்லாத மனிதர், இந்த ஒரு பெருமையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து உட்கார்கிறார். அதையும் எப்படிப் பிடுங்குவது? அவள் சாத்துக்குடியை உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள்.

கட்டியை எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது, ரத்தம் ஏற்றி அனுப்புகிறோம், வீட்டிலேயே வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மகளுக்குத் தகவல் போனது. பரீட்சையை விட்டுவிட்டுக் கிளம்பி வந்துகொண்டிருந்தாள். சூப்பர்வைசரும் காவலாளியும் சக்கர நாற்காலியில் வைத்து அவரை மேலே கொண்டுவந்து, கட்டிலில் படுக்க வைத்துவிட்டுப் போனார்கள். காலை வெயில் அவருடைய மேசை மேல் விழுந்திருந்தது. அவள் இரண்டு போர்வையை எடுத்துப் போர்த்தினாள்.

அவர் கண் சுவருக்குப் போனது. கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தப்பு செய்துவிட்டு ஆசிரியர் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி ஆரம்பித்தார்.

"சீஃப். ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"என்னங்க?"

"உன் மெஷினை உடைச்சுட்டேன். அந்தத் திருகு... கொஞ்சம் அழுத்தித் திருகினேன், படக்குனு போயிடுச்சு. அப்பவே சொல்லியிருக்கணும். அவ்வளவு ஆசையா வச்சுக் குடுத்தே. சொல்ல வாய் வரல."

அவள் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் தேடிய வார்த்தை ஒன்றுகூட அப்போது உதவிக்கு வரவில்லை. நேராகச் சொன்னாள்.

"அது மெஷினே இல்லைங்க. அதுல ஒண்ணும் இல்ல. ஒயர் மேல சும்மா தொங்குது. மூணாவது மாடிக்கு மாட்டினது மாதிரி உங்களுக்கும் மாட்டினேன். நீங்க எத்தனையில வச்சாலும் ரூம் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். நான் உங்களை ஏமாத்திட்டேன்."

அவர் தலையைத் திருப்பினார். கூரையைப் பார்த்தார், அட்டையும் டேப்பும் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டட்டும், கையில் கிடைத்ததை எடுத்து வீசட்டும், இனி என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"அப்ப..." என்றார் அவர். குரல் கம்மியிருந்தது. "அப்ப எனக்குக் குளிர்ந்தது நெஜந்தானா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"முப்பதுல வச்சிருக்கேன், இன்னும் குளிருது. இருபத்தெட்டுல வச்சப்பவும் குளிர்ந்துச்சு. மெஷின்ல தப்பு இருக்க வழியில்ல, நீ வச்சதாச்சே. அப்ப எனக்குத்தான் மண்டைக்குள்ள ஏதோ கழண்டுபோச்சுன்னு நினைச்சேன். எங்கப்பாவுக்குக் கடைசியில புத்தி பிசகிப்போச்சுல்ல? நட்ட நடு வெயில்ல குடையைத் தேடுவாரே. எனக்கும் அது வந்துடுச்சுன்னு பயந்துட்டேன். வெளியே தெரிஞ்சா வெக்கம். உன்கிட்ட சொன்னா நீ வேலையை விட்டுட்டு வந்து என்னைக் காவல் காக்கணும். அதான் மூச்சு விடல. சட்டைக்கு உள்ளே ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, வெளியே தெரியாம உக்காந்திருந்தேன்."

அவர் முகத்தில் கோபத்தைத் தேடிய அவளுக்கு அது எங்கேயும் கிடைக்கவில்லை. மாறாக, பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் போல அவர் முகம் தெளிந்திருந்தது. அந்தத் தெளிவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஏமாந்துபோனோமே என்று அவருக்குத் தோன்றவில்லை. தனக்குப் புத்தி பிசகவில்லை என்பது ஒன்றே போதும் என்று, சாகக் கிடக்கிற மனிதர் சந்தோஷப்படுகிறார். தன் உடம்பை நம்பாமல் அவள் மாட்டிய ஒரு காலிப் பெட்டியை நம்பி, இத்தனை மாதத்தையும் பயத்தோடு தனியாகக் கழித்திருக்கிறார்.

"நெஜந்தாங்க," என்றாள். அழுகையில் வார்த்தை உடைந்தது. "நீங்க சொன்னது அத்தனையும் நெஜம். நான்தான் கேக்கல."

"அழாதே. நீ ரூமை அளந்தே. ரூம் சரியாத்தானே இருந்துச்சு," என்றார்.

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து அவள் எழுந்திருக்கப் போனபோது கண்ணைத் திறந்தார்.

"இனிமே சொல்லலாம்ல?"

"எதைங்க?"

"குளிருதுன்னு."

"சொல்லுங்க. எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுங்க."

"குளிருதும்மா," என்றார். "ரொம்பக் குளிருது."

அவள் போர்வையை விலக்கி அவர் காலுறைகளைக் கழற்றினாள். இரண்டு பாதங்களையும் எடுத்துத் தன் மடியில் வைத்து, கையால் மூடிக்கொண்டாள். ஐஸ் மாதிரி இருந்தன.